எனக்கு விழுந்த ஒரு வாக்கு

சென்ற மாதம் என் அக்கா மகன் எனக்கு ஒரு படத்தை அனுப்பியிருந்தான். பனி மூடிய பெருவெளியில் ஓநாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்ட வரிசையில் நடந்து போகின்றன. முன்னால் செல்லும் மூன்றும் கிழடுகள், நோயாளிகள்; அவற்றுக்குப் பின்னால் வருபவை பலசாலிகள்; எல்லாவற்றுக்கும் கடைசியில் சற்று விலகித் தனியாக வருவதே கூட்டத்தின் தலைவன், ஆல்ஃபா ஆண் என்று படத்தின்மேல் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. 17 வயதுப் பையன் ஆசையாக அனுப்பியதற்கு ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். என்னால் முடியவில்லை. அந்தப் படத்துக்கும் எனக்கும் இடையில் ஆறு ஆண்டுகளாகத் தீராத கணக்கு ஒன்று இருக்கிறது. ஆல்ஃபா ஆண்களைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அங்கே எல்லோரையும்விட அதிகமாகக் கேலி செய்பவன் நானாகத்தான் இருப்பேன்; ஆனால் அந்தக் கேலி முடிகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் எனக்குள் ஏதோ ஒன்று நெருடும். அந்த நெருடலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நான் வேலை பார்த்த அலுவலகத்தில் தலைமைப் பண்புப் பயிற்சி ஒன்றை ஏற்பாடு செய்திருந்தார்கள். நாங்கள் பதினான்கு பேர். பதினொரு ஆண்கள், மூன்று பெண்கள். பயிற்சியாளர் உள்ளே வந்தார், மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றினார், ஒவ்வொருவர் கண்ணையும் வரிசையாகச் சில வினாடிகள் உற்றுப் பார்த்தார், பிறகு "நான் ஓர் ஆல்ஃபா ஆண்" என்றார். எனக்கு அப்போதே சிரிப்பு வந்துவிட்டது. உயரமானவர்கள் வாசலில் குனிந்து உள்ளே வருகிறார்களே தவிர, தாங்கள் உயரம் என்று அறிவித்துவிட்டு வருவதில்லை. ஒருவர் தம் குணத்தைத் தாமே எடுத்துச் சொல்லும்போது நமக்குத் தெரியவருவது பெரும்பாலும் அந்தக் குணம் அன்று. சொல்லாவிட்டால் நமக்குத் தெரியாமலே போய்விடுமோ என்ற அவருடைய கவலைதான்.

அடுத்து அவர் திரையில் காட்டியது அதே ஓநாய் வரிசையை. வாசகமும் அதேதான். "கடைசியில் வருகிறானே, அவன் எல்லோரையும் கண்காணித்துக்கொண்டே வருகிறான். நீங்கள் அவனாக வேண்டும்" என்றார். பிறகு ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, இந்த அறையில் உண்மையான ஆல்ஃபா யார் என்று ஒரே ஒரு பெயரை எழுதி மடித்துத் தரச் சொன்னார். யார் எழுதியது என்று எவருக்கும் தெரியப்போவதில்லை என்றும் உறுதி கொடுத்தார். அந்தச் சீட்டுகளுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஓநாய்களின் மேல் சுமத்திய பழியைத் துடைத்துவிடலாம்.

பத்துக்கு இருபது மீட்டர்

அந்தப் படம், துருவப் பகுதிகளைப் பற்றி 2011இல் பிபிசி ஒளிபரப்பிய தொடருக்காகக் கனடாவின் வுட் பஃபலோ தேசியப் பூங்காவில் எடுக்கப்பட்டது. காட்டெருமைகளை வேட்டையாடித் திரியும் 25 ஓநாய்களின் கூட்டம் அது. முன்னால் செல்வது ஒரு பெண் ஓநாய். ஆழமான பனியை அது உடைத்து வழி உண்டாக்கிக்கொண்டு போக, மற்றவை அந்தத் தடத்திலேயே கால் வைத்துத் தங்கள் பலத்தை மிச்சம் பிடிக்கின்றன. கிழடும் நோயாளியும் முன்னால், தலைவன் கடைசியில் என்பதெல்லாம் பிற்பாடு யாரோ எழுதிச் சேர்த்த கதை. இருந்தும், 24 பேர் மிதித்துக் கெட்டிப்படுத்திய பாதையில் சாவகாசமாகக் கடைசியாக நடந்து வருவதைத் தலைமை என்று ஒருவருக்குக் காணத் தோன்றியதே, அந்தக் கற்பனையை நான் மெச்சுகிறேன். சில மேலதிகாரிகளைப் பற்றி இதைவிடத் துல்லியமாக யாரும் வரைந்ததில்லை.

படத்தின் கதை போகட்டும், ஆல்ஃபா ஓநாய் என்ற எண்ணத்தின் கதை இதைவிடச் சுவையானது. ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் உயிரியல் பூங்காவில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து, 1947இல் தம் ஆய்வை வெளியிட்டார். 10 மீட்டருக்கு 20 மீட்டர் அளவுள்ள அடைப்பு. அதற்குள் பத்து ஓநாய்கள் வரை வாழ்ந்தன. தப்பித்துப் போக இடமில்லை, வேட்டைக்குப் போக வழியில்லை, பிடிக்காத முகத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தாக வேண்டும். அவை ஓயாமல் சண்டையிட்டன, உச்சியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வந்து நின்றன, அவற்றுக்குக் கிரேக்க எழுத்துகளில் முதல் எழுத்தான ஆல்ஃபா பட்டமாகக் கிடைத்தது. இந்தப் பார்வையை உலகமெங்கும் பரப்பியதில் டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970இல் ஓநாய்களைப் பற்றி எழுதிய நூலுக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்த மெக்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர். 1986 முதல் ஆண்டுதோறும் கோடைக் காலத்தில் அவர் கனடாவின் வடகோடியில் இருக்கும் எல்ஸ்மியர் தீவுக்குப் போய், காட்டு ஓநாய்களோடு பழகி, அவற்றை அருகிலிருந்து கவனித்தார். அங்கே பட்டத்துக்கான போர் எதையும் அவர் காணவில்லை. கூட்டம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரு குடும்பம்: ஒரு தாய், ஒரு தகப்பன், அவற்றின் முந்தைய ஆண்டுகளின் பிள்ளைகள், இந்த ஆண்டின் குட்டிகள். வளர்ந்த பிள்ளைகள் தகப்பனைத் தோற்கடித்து அரியணை ஏறுவதில்லை. பருவம் வந்ததும் விலகிப் போய், துணை தேடி, தங்களுக்கென்று ஒரு குடும்பத்தை அமைத்துக்கொள்கின்றன. இதை 1999இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட மெக், இயல்பான ஓநாய்க் கூட்டத்தின் பெற்றோரை ஆல்ஃபா என்று அழைப்பதில் பொருளில்லை என்று வாதிட்டார். தம்முடைய பழைய நூலை அச்சிடுவதை நிறுத்திவிடும்படி பதிப்பாளரிடம் பலகாலம் மன்றாடினார். 2022இல்தான் அது நின்றது. தான் சொன்னது தவறு என்று தெரிந்ததும், விற்றுக்கொண்டிருக்கும் தன் நூலையே நிறுத்தச் சொல்லி மல்லுக்கட்டிய ஒருவரின் பெயர், ஆல்ஃபா வகுப்புகளில் ஒரு முறைகூட உச்சரிக்கப்படுவதில்லை என்பது எனக்கு வியப்பாக இல்லை.

ஆக, ஓநாய்களை வைத்துப் பார்த்தால், "நான் ஓர் ஆல்ஃபா ஆண்" என்ற அறிவிப்பின் சரியான பொருள் "நான் ஓர் அப்பா" என்பதுதான். அதிலும், தின்ற இறைச்சியைத் தொலைவிலிருந்து வயிற்றில் சுமந்து வந்து குட்டிகளின் முன்னால் கக்கி ஊட்டுகிற அப்பா. இந்தக் கலையைக் கற்றுத்தரும் மூன்று நாள் பயிற்சி முகாம் எதையும் நான் இன்னும் கண்டதில்லை.

இரண்டாம் இடத்தின் நிம்மதி

ஆல்ஃபா என்பதே கட்டுக்கதை என்று சொல்லி இங்கேயே முடித்துவிட்டால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது நேர்மையாகாது. சிம்பன்சிகளிடமும் பபூன் குரங்குகளிடமும் முதலிடம் என்ற ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, அதற்காக ஆண்கள் கடுமையாக மோதிக்கொள்வதும் உண்மை. சிக்கல் என்னவென்றால், அந்த முதலிடத்தை அருகிலிருந்து பார்த்தவர்கள் எழுதிவைத்திருப்பதைப் படித்தால், அதற்கு ஆசைப்பட யாருக்கும் துணிவு வராது. நெதர்லாந்தின் ஆர்னெம் உயிரியல் பூங்காவில் சிம்பன்சிகளைக் கவனித்த ஃபிரான்ஸ் டி வால் 1982இல் எழுதிய நூல், அவற்றின் அதிகாரப் போட்டியை அரசியல் வரலாறு போலவே விவரித்தது. அமெரிக்க அரசியல்வாதி நியூட் கிங்ரிச் அந்த நூலைப் புதிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் படிக்கச் சொல்லிப் பரிந்துரைத்த பிறகு, ஆல்ஃபா ஆண் என்ற சொல் குரங்குகளை விட்டு இறங்கி மனிதர்களின் தோளில் ஏறிக்கொண்டது. அந்த நூலின் நாயகர்களில் ஒருவன் லூயிட். நல்ல பலசாலி. 1980இல் முதலிடத்தை அவன் மீண்டும் பிடித்தான். சில வாரங்களிலேயே ஓர் இரவில் நிக்கி, யெரோன் என்ற மற்ற இரண்டு ஆண்களும் சேர்ந்து தாக்கியதில் படுகாயமடைந்து இறந்தான். தனிப்பலத்தை நம்பியவனைக் கூட்டணி கொன்றது. வாழ்நாள் முழுக்க இவற்றைப் பார்த்த டி வால் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: நல்ல ஆல்ஃபா சண்டைகளை விலக்கிவிடுவான், எளியவர்களின் பக்கம் நிற்பான், துயரப்படுபவர்களைத் தேற்றுவான், உருவத்தில் சிறியவன்கூடத் தக்க துணைகள் இருந்தால் அந்த இடத்துக்கு வரலாம். இதில் எதையும் கண்ணாடி முன்னால் நின்று தோளை விரித்துப் பழகிவிட முடியாது.

பபூன்களின் செய்தி இதைவிட இனிப்பானது. கென்யாவின் அம்போசெலிப் பகுதியில் 125 ஆண் பபூன்களின் கழிவு மாதிரிகளை ஒன்பது ஆண்டுகள் ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வு, முதலிடத்தில் இருக்கும் ஆண்களின் உடலில் மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன்கள் மிக அதிகமாக இருப்பதைக் கண்டது. இரண்டாம் இடத்தில் இருப்பவற்றுக்கு அது வெகுவாகக் குறைவு. முதலிடத்துக்காரன் எந்நேரமும் சண்டையிலும் பெண்களைக் காவல் காப்பதிலும் ஓய்ந்து போகிறான். இரண்டாமவன் நன்றாகத் தின்றுவிட்டு நிழலில் உட்கார்ந்திருக்கிறான். உலகத்தில் எவரையாவது அவமானப்படுத்த வேண்டுமானால், கிரேக்கத்தின் இரண்டாம் எழுத்தை எடுத்து "நீ ஒரு பீட்டா" என்று சொல்லும் கூட்டத்தார் இந்த ஆய்வைப் படித்திருந்தால், வசைக்கு வேறு எழுத்தைத் தேடியிருப்பார்கள்.

அம்மாவிடம் அனுமதி கேட்டு

அக்கா மகன் விடுமுறைக்கு இரண்டு வாரம் எங்கள் வீட்டில் வந்து தங்கினான். விடியற்காலை நாலரை மணிக்கு அவனுடைய அலாரம் அடிக்கும். அவனைத் தவிர வீட்டில் எல்லோரும் எழுந்துகொள்வோம். தாடை எலும்பு எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நாள் முழுக்க எதையாவது மென்றுகொண்டிருந்தான். சிரிப்பைக் குறைத்துவிட்டான். சிறு வயதில் கன்னத்தில் குழி விழக் குலுங்கிச் சிரிப்பான். இப்போது சிரிப்பு வந்தால் ஏதோ நினைவுக்கு வந்தவன் போல வாயை இழுத்துப் பிடித்துக்கொள்கிறான். அதைப் பார்ப்பதற்கு எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒருநாள், தவறான எண்ணுக்கு அழைத்துவிட்ட யாரோ ஒருவரிடம் நான் "மன்னிச்சிடுங்க, இது வேற நம்பர்" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை வைத்தேன். அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு மருத்துவருக்குரிய பரிவோடு, "மாமா, நீங்க பீட்டாவா?" என்று கேட்டான்.

அவன் பின்தொடரும் ஆசான் ஒரு காரின் மீது சாய்ந்தபடி பேசுவார். அவர் நடத்தும் இணைய வகுப்பில் சேர 15 நிமிடம் மட்டுமே அவகாசம் என்று கடிகாரம் ஒன்று கீழ்நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தை மறுபடி திறந்தால் மறுபடியும் 15 நிமிடத்திலிருந்து தொடங்கும். யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காத ஆண்மகனாக மாறுவதற்கான அந்த வகுப்புக்குக் கட்டணம் கட்ட, அவன் தன் அம்மாவிடம் அனுமதி கேட்டு நான்கு நாட்களாகக் காத்திருந்தான். அக்கா என்னிடம், "நீயே அவன்கிட்ட பேசு, நான் சொன்னா கேக்கமாட்டான்" என்று சொல்லிவிட்டாள்.

பேசினேன். பாசல் அடைப்பு, எல்ஸ்மியர் தீவு, லூயிட்டின் சாவு, நிழலில் உட்கார்ந்திருக்கும் பபூன் என்று ஒன்றையும் விடாமல் ஒரு மணி நேரம் பேசினேன். முதலில் எதிர்வாதம் செய்தான். "அப்படின்னா நான் சிக்மா" என்று ஒரு கட்டத்தில் தப்பிக்கப் பார்த்தான். கூட்டத்தில் இல்லாமலே முதலிடத்தில் இருப்பவனுக்கு அந்தப் பெயராம். தனியே திரியும் ஓநாய் என்பது பெரும்பாலும் துணை கிடைக்காமல் அலைகிற இளவட்டம் என்று சொல்லி அந்தக் கதவையும் சாத்தினேன். மெல்லுவதை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். வென்றுவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. மார்புக்குள் இதமாக ஒரு சூடு பரவியது. 17 வயதுப் பையனை 46 வயதுக்காரன் வாயடைத்துவிட்டதில் பரவிய சூடு. அது எனக்குப் பழக்கமானதுதான். அதைக் கடைசியாக எங்கே உணர்ந்தேன், எங்கே அது அப்படியே உறைந்து போயிற்று என்பதும் உடனே நினைவுக்கு வந்தது.

பதினான்கு சீட்டுகள்

பயிற்சியாளர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பெயரைப் படித்தார், பலகையில் எழுதினார், எதிரே ஒரு கோடு போட்டார். முதல் பெயர் எங்கள் மேலாளருடையது. அவர் அடக்கமாகத் தலையாட்டிக்கொண்டார். இரண்டாவது, கணக்குப் பிரிவில் இருந்தவர். மூன்றாவதாக வந்தது, கூட்டங்களில் பேசுவதற்குக்கூடக் கை தூக்கி அனுமதி கேட்கும் ஒருவருடைய பெயர். அறையில் லேசான சிரிப்பு எழுந்தது. நான்கு, ஐந்து, ஆறு. ஒவ்வொரு முறையும் புதிய பெயர், ஒவ்வொரு பெயருக்கும் ஒரே கோடு. ஏதாவது ஒரு பெயருக்கு இரண்டாவது கோடு விழும் என்று பயிற்சியாளர் எதிர்பார்ப்பது அவருடைய குரலிலேயே தெரிந்தது. எட்டாவது சீட்டுக்குள் நடந்தது என்னவென்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பலகையில் இருந்தது தேர்தல் முடிவு மாதிரி இல்லை, வருகைப் பதிவேடு மாதிரி இருந்தது. நான் பக்கத்து நாற்காலிக்காரரின் தோளில் கை வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது சீட்டில் என் பெயர் இருந்தது.

அதை நான் வேடிக்கைக்காகத்தான் எழுதினேன். அன்று மாலை நண்பர்களிடம் அப்படித்தான் சொன்னேன், அடுத்த சில ஆண்டுகளும் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அந்த ஆளையும் அவருடைய ஓநாய்களையும் கிண்டல் செய்யும் விதமாக என் பெயரையே எழுதிக் கொடுத்தேன் என்பது கேட்பதற்குப் பொருத்தமாகவும் இருந்தது. ஆனால் எழுதும்போது நான் என்ன செய்தேன் என்பது என் இடது கைக்குத் தெரியும். தேர்வு எழுதும் சிறுவன் பக்கத்துப் பையன் பார்த்துவிடாமல் விடைத்தாளை மறைப்பானே, அதேபோல அந்தக் கை சீட்டை வளைத்து மூடியிருந்தது. வேடிக்கைக்கு எழுதுபவன் அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிச் சிரித்துவிட்டு மடிப்பான், மூடி எழுதமாட்டான்.

அதையும்கூட மன்னித்துவிடலாம், பதினொரு பேர் செய்ததைத்தானே நானும் செய்தேன். என்னை இன்றுவரை விடாமல் அரிப்பது அடுத்த இரண்டு நிமிடங்கள்தான். என் பெயர் வந்த பிறகு மேசையில் இன்னும் ஐந்து சீட்டுகள் மடிந்து கிடந்தன. அவற்றை நான் எண்ணினேன். எல்லா ஆண்களும் தத்தம் பெயரையே எழுதியிருக்கிறோம் என்று தெரிந்த பிறகும், இந்தக் கேள்வியே அபத்தம் என்று முழுமனதாக நம்பிக்கொண்டிருந்தபோதும், அந்த ஐந்தில் ஒன்றில் என் பெயர் இருக்குமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். இன்னும் ஒரே ஒரு கோடு. எனக்குச் சிரிப்பு எப்போது நின்றது என்று நினைவில்லை. அந்த ஐந்தில் இரண்டு, மீதமிருந்த இரண்டு ஆண்களின் பெயர்கள். ஒன்று வெற்றுத் தாள். ஒன்றில் "இடைவேளை எப்போது?" என்று எழுதியிருந்தது. கடைசிச் சீட்டில் "நீங்கள்தானே சொன்னீர்கள், நீங்கள்தான்" என்று இருந்தது; அதைப் படித்துவிட்டுப் பயிற்சியாளர் நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார். அந்த மூன்று சீட்டுகளும் யாருடையவை என்று விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

பத்துக்கு இருபது மீட்டர் அடைப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தப் பயிற்சி அறை நினைவுக்கு வருவது இதனால்தான். அதற்கு முந்தைய நாள்வரை நாங்கள் ஒருவருக்கொருவர் வேலையில் உதவிக்கொண்டும், சிலசமயம் சலித்துக்கொண்டும் இருந்த சாதாரண மனிதர்கள். கதவைச் சாத்திவிட்டு உங்களில் யார் பெரியவன் என்று ஒருவர் கேட்டவுடன் பதினொரு பேரும் தாளை மூடிக்கொண்டோம். கேள்வி எங்கிருந்தோ வந்ததுதான், ஆனால் விடை ஏற்கெனவே எங்களிடம் தயாராக இருந்தது. காரின் மீது சாய்ந்து நிற்கும் அந்த ஆசானைப் பார்த்து நான் சிரிக்கும்போது, மூடிய கைக்குள் நான் எழுதியதை அவர் வாய்விட்டுச் சொல்கிறார் என்பதும் அந்தச் சிரிப்பில் கலந்திருக்கிறது. அவருக்கு வெட்கம் கிடையாது, எனக்குக் கொஞ்சம் உண்டு. எங்களுக்குள் இருக்கும் வேற்றுமை சில நாட்களில் அவ்வளவுதான் என்று தோன்றும். அதற்காக அவரைக் கேலி செய்வதை நிறுத்திவிடப் போவதில்லை. அந்த ஓடும் கடிகாரத்துக்காகவே அவரை இன்னும் பத்து ஆண்டுகள் கேலி செய்யலாம்.

தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த பையனிடம் இந்தச் சீட்டுக் கதையைச் சொன்னேன். ஐந்து சீட்டுகளை எண்ணியதையும் மறைக்கவில்லை. மேலாளர் தலையாட்டிய இடத்தில் வாயை இழுத்துப் பிடித்துப் பார்த்தான், வருகைப் பதிவேட்டில் முடியாமல் போயிற்று. இடைவேளைச் சீட்டு வந்தபோது பழைய கன்னக்குழியோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சிரித்து ஓய்ந்த பிறகு, "மாமா, இப்ப திரும்பவும் அந்தச் சீட்டைக் குடுத்தா யார் பேர எழுதுவீங்க?" என்று கேட்டான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"இதுல யோசிக்க என்ன மாமா இருக்கு?" என்றான்.